பாதியைப் பெற்றவர், மீதியை மறவாதவர்!

ஆறடி மண் எங்கிருந்தால் என்ன என்பர் உலகோர். அமெரிக்க நாட்டு லங்காஸ்டர் நகரிலே ஒரு முதியவர் அப்படி எண்ணவில்லை. வெள்ளையர்க்கு மட்டுமே இடமென விதி வகுத்திருந்த இடுகாடுகளை ஒதுக்கினார். நிறம் பாராத சிறு இடுகாட்டைத் தேர்ந்தார். மாந்தர் அனைவரும் சமம் என்று வாழ்நாளெல்லாம் முழங்கியதைச் சாவிலும் காட்டவே இங்குத் துயில்வதாகக் கல்லிலே பொறிக்கச் செய்தார்.

அவர்தாம் தாடியஸ் ஸ்டீவன்ஸ்! 1792-இல் வெர்மாண்ட் மாநிலத்து ஏழைக் குடிலில், ஊனமுற்ற பாதத்தோடு பிறந்தவர். வழக்கறிஞராகி, பென்சில்வேனியா சட்டமன்றம் புகுந்தவர். 1835-இல் இலவசப் பள்ளிச் சட்டத்தை ஒழித்திடச் சிலர் முனைந்தபோது, உரை வன்மையால் அதனைக் காத்தவர்.

இத்தகையவர் வாழ்விலே ஒரு புதிர் உண்டு. 1838-இல் பென்சில்வேனியா புதிய அரசியல் சட்டம் வகுத்தது. வாக்குரிமை வெள்ளையர்க்கே என்றது. அதிலே கையொப்பமிட மறுத்தார் ஸ்டீவன்ஸ். 1866-இலோ, நாடாளுமன்றக் கீழவையின் தலைவர்களுள் ஒருவராகத் திகழ்ந்த காலை, 14-ஆம் திருத்தத்தை ஆதரித்தார். பிறந்த மண்ணிலே கறுப்பின மக்களுக்குக் குடியுரிமையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பும் தந்த திருத்தந்தான் அது; எனினும் வாக்குரிமையை நேராகத் தரவில்லை. குறையுள்ளதை ஏன் ஏற்கிறீர் என்ற வினாவுக்கு, தாம் வாழ்வது தேவர்களிடையே அன்று, மனிதர்களிடையே என்றார்.

அன்று மறுத்தவர் இன்று வளைந்தாரா? இல்லை! 1838-இல், இருந்த உரிமையைப் பறித்தனர். பறிப்பதற்குத் துணைபோக மறுத்தார். 1866-இல், இல்லாத உரிமை பாதியேனும் வந்தது. பெறுவதற்குக் கை நீட்டினார். முன்னது சரணாகதிக்கு மறுப்பு. பின்னது பயணத்திலே ஒரு படி.

பாதியைப் பெற்றார், அதனையே முழுமை என்று பறைசாற்றினாரில்லை. பெருநிலக்கிழாரின் நிலத்தைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்றோர்க்கு ஆளுக்கு 40 ஏக்கர் வழங்குக என 1865-இல் கேட்டார். 1867-இல் மீண்டும் கேட்டார். அவை செவி சாய்க்கவில்லை. 1868 ஆகஸ்டு 11-இல் கண் மூடினார்.

நிறத்தைக் காட்டி வாக்குரிமை மறுக்கலாகாது என்னும் 15-ஆம் திருத்தம் 1870-இல் வந்தது. நிலமோ வரவில்லை! விளைவு? உழுதவர் பழைய ஆண்டையிடமே குத்தகைக்கு நின்றனர். தென் மாநிலங்கள் வாக்கையும் சூழ்ச்சியால் பறித்தன. அதை மீட்க 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஏட்டிலே உரிமை, வயிற்றிலே அடிமை என்றால், ஏடும் ஒருநாள் கிழிக்கப்படும்!

தோழர்களே! பாதி கிடைப்பின் பெறுவோம், மீதியை மறவோம். பறிப்போர் நீட்டும் ஏட்டில் மட்டும் கையொப்பமிடோம். லங்காஸ்டர்க் கல்லறை நமக்குச் சொல்வது இதுவே!