கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?

நம் தமிழ் மொழிக் கழகத்திற்கு முன்பு ஓர் இணையச் செயலி இருந்தது. இதைப் படிக்கும் முதலாமாண்டு மாணவர்களில் பலருக்கு அது தெரிந்திருக்காது. சனிக்கிழமைகளில் நாம் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் பிரத்தியேக வகுப்புக்காக மூத்த மாணவர் ஒருவர் தனி ஆளாக உருவாக்கித் தந்தது. வருகைப் பதிவு, எந்த வாரம் எந்தத் தொண்டூழியர் வருகிறார் என்ற அட்டவணை, எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் தடுமாறுகிறது என்ற குறிப்பு எல்லாம் அதில் இருந்தன.

அவர் பட்டம் பெற்றுச் சென்ற மறு ஆண்டே அது நின்றுபோனது. இணைய முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் அனைத்தும் அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. அந்த மின்னஞ்சலோ அவர் வெளியேறியதும் மூடப்பட்டுவிட்டது. தரவுத்தளத்தின் கடவுச்சொல் அவருடைய பழைய மடிக்கணினியில் இருந்தது. அதை எப்போதோ விற்றுவிட்டாராம். "மன்னிச்சிரும்மா, அப்ப அதெல்லாம் யோசிக்கலே" என்றார் தொலைபேசியில். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று ஆண்டுகள் அதைப் பயன்படுத்திக்கொண்டு, ஒருமுறைகூட "அண்ணே, சாவி எங்கே?" என்று கேட்காத செயலவையின் மேல்தான் கோபம். அந்தச் செயலவையில் நானும் இருந்தேன்.

போனது வெறும் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு மெய்யெழுத்து வரை சொல்லிக்கொடுத்து, உயிர்மெய்யில் எங்கே தடுக்குகிறான் என்று ஓர் அக்கா விரிவாக எழுதி வைத்திருந்தார். குறிப்பு இல்லாததால் அடுத்து வந்த தொண்டூழியர் மறுபடி அகரத்திலிருந்து தொடங்கினார். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த பையன் மூன்றாவது வாரம் வரவில்லை.

அதன் பிறகுதான் நாங்கள் நால்வர் சேர்ந்து செயலியைப் புதிதாக அமைக்க உட்கார்ந்தோம். அந்த அனுபவத்தில் எனக்குப் பட்டது இதுதான். நிரல் எழுதுவது இதில் பாதி வேலைகூட இல்லை. பலர் கைவைக்கும்படியும் நாம் போன பிறகும் நடக்கும்படியும் அமைப்பதுதான் வேலை. நம் கழகங்கள் அதைச் செய்வதில்லை. கெட்டிக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்து அவர் தலையில் கட்டிவிட்டுக் கைதட்டுகிறோம்.

நாங்களும் முதல் மாதம் அப்படித்தான் தடுமாறினோம். கோப்புகளை ஸிப் செய்து புலனத்தில் அனுப்பிக்கொண்டிருந்தோம். "இறுதி", "இறுதி புதியது", "இதுதான் உண்மையான இறுதி" என்று பெயர்கள் நீண்டன. ஒருநாள் தோழன் ஒருவன் பழைய ஸிப்பின் மேல் தன் வேலையைச் செய்து அனுப்ப, நான் இரண்டு இரவு விழித்து எழுதிய வருகைப் பதிவுப் பக்கம் காணாமல் போனது. மூன்று நாள் அவனோடு நான் பேசவில்லை. பிறகு 'கிட்'டுக்கு மாறினோம். லினக்ஸ் உருவாக்குநர்களுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய மென்பொருள் அது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதை அது காட்டிவிடும். ஒவ்வொருவரும் தனிக் கிளையில் எழுதி, இன்னொருவர் பார்த்த பிறகே மூலத்தோடு இணைக்க வேண்டும் என்று விதி வைத்தோம். சண்டை நிற்கவில்லை. ஆனால் எந்த வரியைப் பற்றிய சண்டை என்று தெரிந்து சண்டை போட்டோம்.

ஆர்வத்தில் நானே ஒரு தவறு செய்தேன். தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள கோப்பையும் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டேன். அழித்தாலும் கிட்டின் பழைய பதிப்பில் அது அப்படியே கிடக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடவுச்சொல்லையே மாற்ற வேண்டியதாயிற்று. நம் நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்குத்தான் பொருந்தும், நமக்கில்லை என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். இருக்கட்டும், பெற்றோரின் கைப்பேசி எண்கள் நம்மை நம்பித் தந்தவை அல்லவா? அன்றே பாரத்திலிருந்து அடையாள அட்டை எண்ணை நீக்கினோம். அது எதற்கு என்று கேட்டுப் பார்த்தோம், யாரிடமும் பதில் இல்லை.

பெயர்கள் தந்த பாடம் தனி. எங்கோ கற்றபடி முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருந்தோம். நமக்கு ஏது குடும்பப்பெயர்? ஏ/எல், ஏ/பி என்று எழுதினால் சாய்கோடு செல்லாது என்று செயலி திருப்பி அனுப்பியது. பெயருக்கு 20 எழுத்து போதும் என்று நாங்களே வரம்பும் வைத்திருந்தோம். கோகிலவாணி என்பதில் நாம் எண்ணுவது 5 எழுத்து, யூனிகோடு எண்ணுவது 9. சோதனைக்காக 'கோகிலவாணி த/பெ சுப்பிரமணியம்' என்று தட்டினேன். தகப்பனார் 'சுப்ப' ஆகிவிட்டார்! இன்னொரு கூத்து, என் கணினியில் ஒழுங்காகத் தெரிந்த தமிழ், வாடகைச் சேவையகத்தில் வெறும் கேள்விக்குறிகளாக வந்தது. அங்கே இருந்தது பழைய மைஎஸ்கியூஎல். அதில் தானாக அமைவது லத்தீன் எழுத்துத்தொகுதி. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் அது மாறியது. நால்வரின் கணினியிலும் சேவையகத்திலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தால் ஒரு வாரம் மிஞ்சியிருக்கும்.

வழிகாட்டிக் குறிப்பை எந்த மொழியில் எழுதுவது என்பதில்தான் பெரிய விவாதம். நான் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழ் வகுப்பு நடத்தலாம். எங்களுக்கு அது பள்ளி முடிந்த பிறகுதான் நடந்தது. அதனால் தமிழை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. எங்களில் ஒருவனுக்கோ தமிழ் பேச வரும், படிக்க வராது. "அப்ப நான் எப்படிப் படிக்கிறது?" என்றான். நியாயமான கேள்வி. நிரலின் பெயர்கள் ஆங்கிலத்தில், திரையில் தெரிவது தமிழில், வழிகாட்டி இரண்டிலும் என்று முடிவானது. தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் எங்களுக்கே புரியாத இடங்கள் எவை என்று தெரிந்தது. ஆங்கிலத்தில் என்றால் எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டியிருப்போம். 'சமர்ப்பி' என்று நான் பெருமையோடு வைத்த பொத்தானை அமுக்கத் தயங்கி நின்றார் ஒரு தாயார். 'அனுப்பு' என்று மாற்றினோம்.

இவ்வளவு பாடு எதற்கு, கூகல் பாரம் போதாதா என்று கேட்கிறார்கள். பெயர்ப் பதிவுக்கு மட்டும் என்றால் போதும், நானே அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் அந்தப் பாரமும் யாரோ ஒரு செயலாளரின் சொந்தக் கணக்கில்தானே இருக்கிறது? முரசு அஞ்சல் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டவர் என்றும், 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது என்றும் மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். மகிழலாம். கீழே இறங்கியதும் கழகத்தின் சொந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிவதில்லை.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் முன்மொழியப் போகிறேன். களஞ்சியம், இணைய முகவரி, சேவையகம் மூன்றும் கழகத்தின் பொது மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். சாவிகள் குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் இறுதியாண்டு மாணவராக இருக்கக் கூடாது. கணக்கறிக்கையை ஒப்படைப்பது போலவே கடவுச்சொல் ஒப்படைப்பும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். அதிகப்படியாகத் தோன்றினால் கூட்டத்திற்கு வந்து எதிர்த்து வாக்களியுங்கள். நான் இறுதியாண்டு, என்னிடமுள்ள சாவியை அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். வாங்கிக்கொள்ள இதுவரை ஒருவர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்.