வெளிச்சத்துக்குக் கட்டிய கூடத்தில் கறுப்பு வண்ணம்

மும்பை லோயர் பரேலின் பஞ்சாலை வளாகங்களில் புதிதாக ஒரு மதுக்கூடம் திறக்கும்போதெல்லாம், பழைய கட்டடத்தின் பாரம்பரியத்தைக் காத்துவிட்டதாக அதன் வடிவமைப்பாளர்கள் அறிவிப்பது வழக்கமாகிவிட்டது. படங்களைப் பாருங்கள். காரை உரித்த செங்கற்சுவர், கறுப்பு வண்ணம் பூசிய கூரை, நீண்ட கம்பிகளில் தொங்கும் மஞ்சள் குமிழ்கள். இதில் பஞ்சாலை எங்கே இருக்கிறது?

நெசவுக்கூடம் வெளிச்சத்துக்காகவே கட்டப்பட்டது. ஓடும் தறியில் அறுந்த ஓரிழை நெசவாளியின் கண்ணில் பட்டாக வேண்டும். அதற்காகவே கூரையை ரம்பப் பற்களைப் போல் மடித்து, ஒவ்வொரு பல்லின் செங்குத்துப் பக்கத்திலும் கண்ணாடி பதித்து, அதை வடக்கு நோக்கித் திருப்பினார்கள். நேர்வெயில் பெரும்பாலும் உள்ளே விழாது. சீரான வெளிச்சம் கூடமெங்கும் பரவும். அதை வாங்கித் திருப்பித் தந்தவை வெள்ளையடித்த சுவர்கள். சுண்ணாம்பு அடித்த தொழிற்கூடச் சுவர்களுக்கு 14 மாதங்களுக்கு ஒருமுறையேனும் மீண்டும் அடிக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். ஆக, தொழிலாளி அந்தச் சுவரை ஒருநாளும் சிவப்பாகப் பார்த்ததில்லை. இன்று ‘அசல்’ என்று காட்டப்படும் செங்கல், அன்று காரைக்குள் மறைந்திருக்க வேண்டிய எலும்பு.

கேடு தோற்றத்தோடு நிற்பதில்லை. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதை உரித்துவிட்டு, தூசு உதிராதிருக்கச் செங்கல்மேல் வார்னிஷ் பூசினால், மும்பையின் நான்கு மாத மழையீரம் உள்ளேயே சிக்கும், உப்புப் பூக்கும், செங்கல்லின் முகம் செதில்செதிலாக உதிரும். நூற்றாண்டு தாங்கிய சுவரை ஓர் அலங்காரம் அரித்துவிடும்.

இரவில் நடக்கும் கடைக்கு வடக்கு வெளிச்சம் எதற்கு என்று கேட்பார்கள். மதிய உணவுக்கு அலுவலகக் கூட்டம் நிரம்பும் பகுதி அது என்பது இருக்கட்டும். மங்கிய ஒளியை நானும் மறுக்கவில்லை. ஆனால் மங்கலுக்குக் கறுப்பு வண்ணம் தேவையில்லை. வெள்ளைக் கூரைச் சரிவின்மேல் கீழிருந்து மெல்லிய ஒளியை வீசுங்கள். மேசைக்கு ஒரு சிறு விளக்கு வையுங்கள். கூரையின் மடிப்புகள் இரவிலும் தெரியும். கண்ணைக் கூசவைக்கும் குமிழ்களை நூறாகத் தொங்கவிடுவது ஒளியமைப்பு ஆகாது, விளக்குக்கடை.

சுவரில் தொங்கும் நாடாவும் பாபினும் என்னை இன்னும் கோபப்படுத்துகின்றன. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெரும்பாலோர் ஆலைக்குத் திரும்பவேயில்லை. அவர்கள் கையிலிருந்த கருவி காக்டெயிலுக்குப் பின்னணி ஆகிறது. அவர்களைப் பற்றி ஒரு வரிப் பலகைகூட இல்லை.

2017 டிசம்பர் 29 நள்ளிரவுக்குப் பின் கமலா மில்ஸ் வளாகத்தில் பிடித்த தீயில் 14 பேர் மாண்டார்கள். பலர் கழிவறைப் பகுதியில் புகையில் மூச்சுத்திணறி இறந்தவர்கள். அது மொட்டைமாடிக் கடை, நெசவுக்கூடம் அன்று என்பது உண்மை. ஆயினும் எளிதில் எரியும் பந்தலையும் திரையையும் அலங்காரமாகக் கருதும் மனம் ஒன்றேதான். இருட்டை விற்கும் கடையில் வெளியேறும் வழியின் பச்சை விளக்கு ‘சூழலைக் கெடுக்கிறது’ என்று மறைக்கப்பட்டால், அந்த வரைபடத்தில் கையெழுத்திட்ட கட்டடக் கலைஞர் யார் என்று கேட்க வேண்டும். உரிமம் தரும் மாநகராட்சி அதிகாரி அந்தக் கூடத்தை ஒருமுறை பகலிலும், ஒருமுறை விளக்குகளை அணைத்துவிட்டும் நடந்து பார்க்கட்டும்.