தாத்தாவின் தூண்டிலும் நமது டிப்ளமோவும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு வருபவரை நம் தெருக்களில் அறியாதவர் யார்? இன்று பேரீச்சம்பழம் போய்ப் பணமாகவே கொடுக்கிறார்கள். தள்ளுவண்டி போய் ஒலிபெருக்கி கட்டிய மினி வேன் வந்துவிட்டது. ஆனால் அந்த வண்டியில் ஏறிப்போவது வெறும் இரும்பு மட்டும்தானா? நம் பாட்டன் பூட்டன் கைப்பழக்கமும் அதோடு எடைக்குப் போகிறது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

எங்கள் வீடு தியாகதுருகத்தில் பழைய ஓட்டு வீடு. அதைப் பிரித்து மாடி வீடு கட்ட அப்பா முடிவு செய்தபோது, பரணைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு துருப்பிடித்த தகரப் பெட்டி கிடைத்தது. திறந்து கையை விடப் போனேன். "டேய் கண்ணு, பார்த்து எடுடா. அது உங்க தாத்தா தூண்டி. முள்ளு கையில ஏறிடப்போவுது!" என்று ஆயா கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

உள்ளே நெட்டித் துண்டில் குத்தி வைத்த பத்துப் பன்னிரண்டு தூண்டில் முட்கள். மயிலிறகுத் தண்டில் செய்த தக்கைகள். உள்ளங்கை அளவு ஈயக்கட்டி. வலை பின்னும் மூங்கில் ஊசி. அடியில், பாதி மக்கிப்போன பருத்தி நூல் வீச்சு வலை. இவை தவிர, நார்வே நாட்டு முஸ்டாட் கம்பெனியின் பெயர் போட்ட கசங்கிய காகிதப் பொட்டலம் ஒன்று! எந்த நார்வே, எந்தத் தியாகதுருகம்? 1832-ல் தொடங்கிய அந்தக் கம்பெனி 1877 முதல் இயந்திரத்தில் தூண்டில் முள் செய்து உலகமெல்லாம் அனுப்பியது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அது எங்கள் ஊர்ச் சந்தைக்கடை வரைக்கும் வந்திருக்கிறது.

அப்பாவுக்கோ அந்தப் பெட்டி பிடிக்கவில்லை. "எடைக்குப் போட்டுடு. நாலு பேர் வந்து போற வீட்ல இதெல்லாம் எதுக்கு?" என்றார். அந்த "நாலு பேர்" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. ஏரியில் இறங்கி மீன் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்தவர் என் தாத்தா. அதைச் சொல்லிக்கொள்ள நமக்குக் கூச்சம். நம்ம ஊர் மலைக்கோட்டையைப் பற்றிக் கேளுங்கள். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதற்காக அடித்துக்கொண்ட கதையைப் பெருமையாகச் சொல்வோம். பீரங்கிக் குண்டு வரலாறாம், தூண்டில் முள் மட்டும் குப்பையாம்! ஊரைச் சுட்ட குண்டுக்கு உள்ள மரியாதை, ஊருக்குச் சோறு போட்ட முள்ளுக்கு இல்லையா?

பெட்டியில் இருந்த முட்களில் பாதி நார்வே முட்கள். மீதி நம்ம ஊர்க் கொல்லர் அடித்தவை. விரால் பிடிக்கும் பெரிய முள் அவர் கைவேலை. சின்னத் தவளையை உயிரோடு கோத்து, ஏரிக் கோரை ஓரம் தத்தவிட்டால் விரால் பாய்ந்து கவ்வுமாம். அந்த முள்ளுக்குக் காது கிடையாது. தலையைத் தட்டித் தட்டையாக்கி, அதன் கீழே நூலை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கம்பியில் துளை போட்டால் அந்த இடம் பலவீனப்படும். தட்டையாக்கினால் நூலும் நழுவாது, கம்பியும் ஒடியாது. இது 'டிசைன்' அல்லாமல் வேறென்ன?

நம் பாடத்தோடு வைத்துப் பாருங்கள். தூண்டில் முள் செய்ய எஃகுக் கம்பியை வெட்ட வேண்டும், கூர் தீட்ட வேண்டும், எதிர்முள் கொத்த வேண்டும், வளைக்க வேண்டும். பிறகு காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்த வேண்டும். கடினம் அதிகமானால் மீன் இழுத்ததும் முறியும், குறைந்தால் நிமிர்ந்துவிடும். ஹார்டனிங், டெம்பரிங் என்று நாம் பரீட்சைக்கு நெட்டுரு போடும் பாடம் முழுவதும் ஒரு விரல் நீள முள்ளில் அடங்கியிருக்கிறது! எந்த டிகிரி, எத்தனை நிமிடம் என்று நமக்கு அட்டவணை உண்டு. கொல்லருக்கோ உலையில் இரும்பு காட்டும் நிறம்தான் அட்டவணை. சிந்துவெளி மக்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செம்பில் தூண்டில் முள் செய்தார்கள். ஜப்பானின் ஒகினாவாத் தீவுக் குகையில் கிடைத்த கிளிஞ்சல் முள்ளின் வயது சுமார் 23,000 ஆண்டுகள் என்று 2016-ல் அறிவித்தார்கள். அத்தனை நீண்ட வரிசையில் எங்கள் தாத்தாவின் முள்ளும் ஒன்று.

அடுத்தது வலை. அதன் கண்ணை வெர்னியரால் அளந்தேன். முடிச்சுக்கு முடிச்சு 25 மில்லிமீட்டர். இரண்டு விரல் நுழையும். "குஞ்சு தப்பிச்சுப் போவணும்டா, இல்லாட்டி அடுத்த வருசம் ஏரியில என்ன இருக்கும்?" என்றார் ஆயா. இதைச் சொல்ல வெள்ளைக்காரத் துரைமாரும் பெரிய அறிக்கையே எழுத வேண்டியிருந்தது. பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் 1873-ல் இந்திய நன்னீர் மீன்களைப் பற்றி அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், நெருக்கமான கண் வலையால் குஞ்சுகள் அழிவதைக் கண்டித்தார். 1897-ல் வந்த இந்திய மீன்வளச் சட்டம் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தடை செய்தது; வலைக்கண் அளவுக்கு விதி செய்யவும் இடம் கொடுத்தது. சட்டம் இருந்தும், கொசுவலைத் துணியால் குட்டையை அரிப்பவர்களை இன்றும் பார்க்கிறோமே!

இப்படிச் சொல்வதால் பழையதெல்லாம் பொன் என்று வாதாடுபவன் அல்ல நான். பருத்தி வலையை ஒவ்வொரு நாளும் உலர்த்த வேண்டும், பனிச்சங்காய்ச் சாறு போன்ற துவர்ப்புச் சாற்றில் ஊறவைத்துப் பதம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மக்கிவிடும். 1935-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த நைலான் அந்தப் பாட்டையெல்லாம் தீர்த்தது. ஆனால் மக்காத நைலானே அறுந்து தண்ணீருக்குள் கிடந்தால், பிடிப்பார் இல்லாமலே ஆமையையும் மீனையும் பிடித்துக்கொண்டே இருக்கும். அதுபோல ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நூலில் பொருத்துவது பழைய வழக்கம். ஈயம் நஞ்சு. அன்னப் பறவைகள் அதை விழுங்கிச் செத்ததால் பிரிட்டனில் 1987 முதல் சிறு ஈயக் குண்டுகளைத் தூண்டிலில் பயன்படுத்தத் தடை வந்தது. ஆகவே தாத்தாவின் பெட்டியில் கொள்ள வேண்டியதும் உண்டு, தள்ள வேண்டியதும் உண்டு. எது எதுவென்று பிரிக்கவாவது அந்தப் பெட்டி நம் கையில் இருக்க வேண்டாமா?

"வெளிநாட்டுல இதுக்கெல்லாம் நல்ல விலை இருக்காமே, வித்துடேன்" என்றான் என் வகுப்புத் தோழன். உண்மைதான். இங்கிலாந்தின் ஹார்டி கம்பெனி அந்தக் காலத்தில் செய்த மீன்பிடி ரீல்களைச் சேகரிப்போர் போட்டி போட்டு வாங்குகிறார்கள். ஏன் அந்த விலை? எந்த ஆண்டு, எந்த மாடல் என்று கம்பெனி அச்சிட்ட விலைப்பட்டியல் இருக்கிறது. பொருளுக்குப் பின்னால் எழுத்து இருக்கிறது. நம் கொல்லர் அடித்த முள்ளுக்கு அப்படி ஒரு வரி எழுத்துகூட இல்லை. எழுத்து இல்லாத பொருள் பழைய இரும்புதான். எழுதி வைத்தால் அதுவே ஆவணம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கருத்தை நினைவில் வையுங்கள் என்றால், இதைத்தான் சொல்வேன்.

எழுதாமல் போனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும்தான் நம் பகுதிக்கு உயிர். ஒன்றின் அணை 46 அடி, மற்றதன் அணை 36 அடி என்று மழைக்காலத்தில் தினம் பேப்பரில் படிக்கிறோம். அந்தத் தண்ணீரில் என்னென்ன மீன் இருந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏரிகளில் இன்று வளர்ப்பது பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால். ஜிலேபிக் கெண்டையும் நம் நாட்டு மீன் அல்ல, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஆயாவோ விரால், குறவை, ஆரால், கெளுத்தி, அயிரை என்று விரல் விட்டு எண்ணுகிறார். எந்த முள் எந்த மீனுக்கு, எந்த மாதம், ஏரியின் எந்த மூலையில் என்று அவர் சொல்லும்போது, ஒரு காலத்து ஏரியே கண்முன் வருகிறது. ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருக்குப் பிறகு அந்தப் பெட்டியை யார் படித்துச் சொல்வது?

நண்பர்களே, என் தாத்தா பிறந்தது தென்னாற்காடு மாவட்டத்தில். 1993-ல் அது விழுப்புரம் ஆனது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. மாவட்டம் புதிது; அதன் கதையை எழுதும் பொறுப்பும் புதிது. அதை எழுதப் பெரிய பண்டிதர்கள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. படம் வரையவும், அளவெடுக்கவும், உலோகம் அறியவும் கற்ற நாமே தொடங்கலாம். நம் மாணவர் பேரவைக்கு மூன்று யோசனைகள் வைக்கிறேன்.

முதலாவது, விடுமுறைக்கு ஊருக்குப் போகும் ஒவ்வொருவரும் தூண்டில், வலை, மீன்கூடு, ஏர், ஏற்றம், செக்கு என்று வீட்டில் எது இருந்தாலும் ஒன்றை அளந்து, என்ஜினியரிங் டிராயிங் தாளில் மூன்று கோணத்தில் வரைந்து வரவேண்டும். இரண்டாவது, அதைப் பயன்படுத்தியவர் சொல்வதை அவர் பேச்சிலேயே இரண்டு பக்கம் எழுத வேண்டும்; கையில் செல்போன் இருக்கிறது, குரலையும் பதிவு செய்யலாம். மூன்றாவது, நூலகத்தில் ஓர் அலமாரி கேட்போம். பொருள் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். வரைபடமும் எழுத்தும் மட்டும் அங்கே இருந்தால் போதும். செலவு என்று பார்த்தால் தாளும் பென்சிலும்தான்.

எங்கள் வீட்டில் முதல் வரைபடம் தயாராகிவிட்டது. விரால் முள், அளவு ஒன்றுக்கு இரண்டு. அதைப் பார்த்த அப்பா ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "வளைவு இன்னும் கொஞ்சம் உள்ளே வரும்டா. நான் சின்னப் பையனா இருக்கப்போ அந்த முள்ளைத் தீட்டிக் கொடுத்ததே நான்தான்" என்றார். திருத்தி வரைந்தேன். உங்கள் வீட்டிலும் இப்படித் திருத்தித் தர ஒருவர் இருப்பார். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.