கார்டு கிடைச்சாச்சு, புரோகிராம் எங்கே?

போன மாசம் ஒரு ராத்திரி மாமாகிட்டேயிருந்து போன். அவர் மெயின்டனன்ஸ் பார்க்கிற அம்பத்தூர் கம்பெனியில பி.எல்.சி. (மெஷினை ஆட்டிவைக்கிற குட்டி கம்ப்யூட்டர்தான்) செத்துப்போச்சாம். "அந்த மாடலையே நிறுத்திட்டாங்கடா. நெட்ல தேடிப் பாரேன்."

பள்ளிக்கரணை வீட்டுல உட்கார்ந்து ரெண்டு நாள் தேடி, செகண்ட் ஹேண்டில் ஒரு சி.பி.யு. பிடிச்சுக் கொடுத்தேன். பெரிய ஹீரோன்னு நினைப்பு!

மாட்டினா மெஷின் அசையலை. புரோகிராம் இருந்தது பழைய சி.பி.யு.வோட பேட்டரி மெமரியில். அதுவும் கூடவே போயிடுச்சு. காப்பி யார்கிட்டயும் இல்லை. திரும்ப எழுத 9 நாள். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு 9 நாள் கூலியும் போச்சு.

ராக்வெல் தன் பி.எல்.சி.-5ஐ 2017ல் நிறுத்தியது. சீமென்ஸும் எஸ்7-300ஐ 2023 அக்டோபரில் படிப்படியாக நிறுத்தத் தொடங்கியது. மெஷின் 30 வருஷம் உழைக்கும். அதோட மூளைக்கு அவ்வளவு ஆயுசு இல்லை.

என்னைக் கேட்டா, ஸ்பேர் தேடுறது ரெண்டாவது வேலை. மெஷின் ஓடும்போதே புரோகிராமை காப்பி எடுத்து வைக்கணும். பேட்டரியை கரண்ட் இருக்கும்போதே மாத்தணும்; ஆஃப் பண்ணிட்டுக் கழட்டினா எல்லாம் காலி. பழைய கார்டு காசுக்குக் கிடைச்சிடும். புரோகிராம் கிடைக்காது.

நாம ஒரு வரி கோடு மாத்தினாலும் பேக்கப் வைக்கிறோம். பத்து குடும்பம் சாப்பிடுற மெஷினுக்கு ஒரு பென் டிரைவ் வைக்கக்கூடாதா?