கழகம் யாருடையது?

ரசிகர் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் கவிதையின் சுவையைத் தாமும் நுகர்ந்து பிறரையும் நுகரச் செய்தவரையே அச்சொல் குறித்தது; டி.கே.சி. அவர்களுக்கு ‘ரசிகமணி’ என்னும் பட்டம் பொருந்தியது அப்பொருளில்தான். பின்னர் அச்சொல் திரையரங்க வாயிலுக்கு இறங்கி வந்து, நடிகரின் உருவப் பலகைக்குப் பாலூற்றுபவரைக் குறித்தது. இன்றோ, ஐரோப்பியக் கால்பந்தாட்டத்தைத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கண்விழித்துக் காணும் இளைஞரையும் அதே சொல்லால் சுட்டுகிறோம். “யாரோ எங்கோ பந்தை உதைக்கிறார்கள், உனக்கு அதில் என்னப்பா?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் இதே கேள்வியை ஜெர்மனி நாட்டில், ஒரு கழகத்தின் ஆட்டம் தவறாது அரங்கிற்குச் செல்லும் ரசிகர் ஒருவரிடம் கேட்டால், கழகம் தம்முடையது என்றே அவர் விடையிறுப்பார். அது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. பெரும்பாலான கழகங்களைப் பொறுத்தவரை சட்டப்படியே உண்மையாகும்.

(கழகம் என்றவுடன் நம் நாட்டில் வேறு நினைவுகள் எழுவது இயல்பு. ஈண்டு அது விளையாட்டுச் சங்கத்தையே குறிக்கும்.)

ஜெர்மனியில் கால்பந்துக் கழகங்கள் தொன்றுதொட்டு உறுப்பினர் சங்கங்களாகவே இருந்து வந்தன. ஆண்டுச் சந்தா செலுத்தும் எவரும் உறுப்பினர். பொதுக்குழுவில் எழுந்து பேசவும் வாக்களிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. 1998ஆம் ஆண்டில், தொழில்முறை அணிகளைத் தனி நிறுவனங்களாக மாற்றிக்கொள்ளலாம் என்று அந்நாட்டுக் கால்பந்துச் சம்மேளனம் அனுமதித்தபோது, கூடவே ஒரு நிபந்தனையையும் விதித்தது. முதலீட்டாளர் எவ்வளவு பணம் போட்டாலும், வாக்குகளில் பாதியும் அதற்குமேல் ஒன்றும் தாய்ச்சங்கத்திடமே இருத்தல் வேண்டும் என்பதே அது. ‘ஐம்பதும் ஒன்றும்’ என்று அதனை அழைக்கின்றனர். மருந்து நிறுவனம் ஒன்றின் தொழிலாளர் கழகமாகத் தொடங்கிய லெவர்குசனுக்கும், மோட்டார் வாகனத் தொழிற்சாலையின் கழகமான வோல்ஃப்ஸ்பர்க்கிற்கும் விலக்கு அளிக்கப்பட்டது. இங்கிலாந்தில் ஒரு பெரிய கழகத்தை ஒரு செல்வந்தர் விலைக்கு வாங்கி மற்றொருவருக்கு விற்கலாம். ரசிகர் அச்செய்தியை நாளிதழில் படித்துத் தெரிந்துகொள்வார். ஜெர்மனியில் அது அவ்வளவு எளிதன்று.

சட்டம் உரிமையைத் தந்துவிடலாம். அந்த உரிமைக்குரிய பொறுப்பை எந்தச் சட்டமும் தந்துவிடாது. பொறுப்பை யார் எவ்வாறு சுமந்தனர் என்று காண விழைவோர் பெர்லின் நகரத்தின் கிழக்கே, கோபெனிக் பகுதியில் மரங்களுக்கிடையே அமைந்துள்ள ‘பழைய வனக்காவலர் மனை’ என்னும் பொருள்படும் ஆல்ட்டே ஃபோர்ஸ்டராய் அரங்கத்தின் கதையை அறிதல் வேண்டும். அது யூனியன் பெர்லின் கழகத்தின் இல்லம். அக்கழகத்தின் வேர் 1906ஆம் ஆண்டிற்குச் செல்கிறது. இன்றைய பெயரும் வடிவமும் 1966இல், அன்றைய கிழக்கு ஜெர்மனியில் கிடைத்தவை. உலோகத் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியாதலின், ‘இரும்பு யூனியன்’ என்பது அவர்தம் முழக்கமாயிற்று.

அக்காலத்தில் அதே நகரில் பி.எஃப்.சி. டைனமோ என்றொரு கழகம் இருந்தது. அரசின் உளவுத்துறைத் தலைவரான எரிக் மில்கேயின் ஆதரவு பெற்ற அக்கழகம், 1979 முதல் 1988 வரை தொடர்ந்து 10 முறை கிழக்கு ஜெர்மனியின் வாகையர் பட்டத்தை வென்றது. யூனியனோ 1968இல் ஒருமுறை கோப்பையை வென்றதோடு சரி. இருந்தும் மக்கள் யூனியனின் பக்கம் நின்றனர். எதிரணி ஆட்டக்காரர்கள் ப்ரீ கிக்கைத் தடுக்க வரிசையாக நிற்கும்போது, ‘சுவர் அகல வேண்டும்’ என்று ரசிகர்கள் முழங்கினராம். பெர்லின் நகரையே ஒரு சுவர் இரண்டாகப் பிளந்து நின்ற காலம் அது. காவலர்க்குப் பொருள் புரிந்தது. ஆனால் கால்பந்தைப் பற்றித்தானே முழங்குகிறார்கள் என்பதால் ஒன்றும் செய்ய இயலவில்லை! அரங்கிற்கு வந்தோர் அனைவரும் அரசை எதிர்த்தவர் என்று கூறுதல் மிகைதான். எனினும் வாய்திறக்க அஞ்சிய ஒரு நாட்டில், வாய்விட்டுக் கத்த ஓர் இடம் இருந்தது என்பது சிறிய செய்தியன்று. சுவர் திறந்த பின்னர், 1990 ஜனவரியில் மேற்கு பெர்லினின் ஹெர்த்தா கழகத்துடன் யூனியன் நட்பு ஆட்டம் ஆடியபோது, ஐம்பதாயிரம் பேர் ஒலிம்பிக் அரங்கில் திரண்டனர்.

நாடு இணைந்தது, ஆனால் பணம் இல்லை. யூனியன் கடனில் மூழ்கியது. 2004ஆம் ஆண்டில், அடுத்த பருவத்தில் ஆடுவதற்கான உரிமம் பெற உத்தரவாதத் தொகை தேவைப்பட்டது. அப்போது ரசிகர்கள் செய்ததைக் கேட்டால் வியப்பு மேலிடும். அவர்கள் இரத்த தானம் செய்து, அதற்குக் கிடைத்த தொகையைக் கழகத்திற்கு அளித்தனர். ‘யூனியனுக்காகக் குருதி சிந்துவோம்’ என்பது அவ்வியக்கத்தின் பெயர். குருதி சிந்துதல் என்பது நம் மேடைகளில் எத்தனையோ முறை வெறும் சொல்லாகச் சிந்தப்பட்டிருக்கிறது. அங்கோ அது ஊசியும் குப்பியுமாக உண்மையிலேயே நடந்தது. வாங்கிய குருதி ஏதோ ஒரு நோயாளிக்குப் பயன்பட்டிருக்கும் என்பது கூடுதல் நன்மை.

அடுத்த சோதனை அரங்கம். படிகள் சிதைந்து, புல் முளைத்து, ஆடத் தகுதியற்றது என அறிவிக்கப்படும் நிலைக்கு வந்துவிட்டது. கட்டித்தரப் பணமுள்ளோர் எவரும் முன்வரவில்லை. 2008ஆம் ஆண்டுக் கோடையில் ரசிகர்களே தலைக்கவசம் அணிந்து, மண்வெட்டியும் கலவைச் சட்டியும் ஏந்தி வந்தனர். தொழிலாளர், ஓய்வூதியர், மாணவர், வேலையற்றோர் என 2,000க்கும் மேற்பட்டோர், ஊதியமின்றி, மொத்தம் 1,40,000 மணி நேரம் உழைத்தனர். தெரிந்தவர் தெரியாதவர்க்குக் கற்றுக்கொடுத்தனர். கட்டுமானம் முடியும் வரை யூனியன் தன் ஆட்டங்களை, முன்னர் டைனமோ கழகம் கோலோச்சிய வேறோர் அரங்கில் ஆடிற்று. வரலாறு சில வேளைகளில் இப்படியும் நகைக்கும். 2009 ஜூலையில் ஹெர்த்தாவை அழைத்து அரங்கைத் திறந்தனர். அந்த ஆட்டத்தில் யூனியன் 3-5 எனத் தோற்றது. தோல்வியை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. உழைத்தோரின் பெயர்களைப் பொறித்து, உச்சியில் சிவப்புத் தலைக்கவசம் வைத்த நினைவுச் சின்னம் ஒன்று அரங்கின் வெளியே நிற்கிறது. 2011இல் அரங்கத்தின் பங்குகளை 500 யூரோ விலையில் வெளியிட்டபோது நாலாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் வாங்கினர். 2013இல் புதிய முதன்மை மாடம் எழுந்தது.

ஜமாஅத்தார் தம் கையால் கல் சுமந்து கட்டிய பள்ளிவாசலுக்கும், ஒரே தனவந்தர் கட்டிக்கொடுத்த பள்ளிவாசலுக்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊர்களில் அறிந்தோர் அறிவர். இறைவனின் இல்லத்தோடு விளையாட்டரங்கை ஒப்பிடுவதாக எவரும் கருத வேண்டா. மனிதர் தம் வியர்வை சிந்திய இடத்தின்மீது கொள்ளும் பற்றினை மட்டுமே குறிப்பிடுகிறேன்.

22,012 பேர் கொள்ளும் அந்த அரங்கில் இருக்கைகள் நாலாயிரத்திற்கும் குறைவு. ஏனையோர் நின்றுகொண்டே காண்கின்றனர். நிற்கும் இடத்திற்குக் கட்டணம் குறைவு என்பதால் எளியவரும் வர இயலும். ஜெர்மானிய ரசிகர்கள் நிற்கும் மாடங்களை விட்டுக்கொடுக்க மறுப்பதன் காரணம் இதுவே. யூனியன் ரசிகரிடையே எழுதப்படாத சில நெறிகளும் உண்டு. ஆட்டம் முடியுமுன் அரங்கை விட்டு வெளியேறலாகாது. தம் ஆட்டக்காரரை நோக்கிச் சீழ்க்கையடித்து இகழலாகாது. தோல்விக்கு ஒருவரைப் பலிகடா ஆக்கலாகாது. நம் கிரிக்கெட் ரசிகர்கள் இவற்றில் ஒன்றையேனும் கடன் வாங்கினால் நலம்.

2019ஆம் ஆண்டில் யூனியன் முதன்முறையாகப் புண்டஸ்லீகா என்னும் முதல்நிலைப் போட்டிக்கு உயர்ந்தது. ஆகஸ்ட் 18 அன்று முதல் ஆட்டம். அந்நாளைக் காணாமலே மறைந்துபோன 400க்கும் மேற்பட்ட ரசிகர்களின் பெரிய உருவப்படங்களை, அவர்தம் மக்களும் நண்பரும் அரங்கினுள் ஏந்தி நின்றனர். அன்றைய பார்வையாளர் எண்ணிக்கையை அறிவித்தபோது, மறைந்த அவர்களையும் சேர்த்தே கழகம் எண்ணியது. எதிரணி லைப்சிக் 4-0 என வென்றது. தந்தையின் படத்தை உயர்த்திப் பிடித்து நின்ற மகனுக்கு அந்த நான்கு கோல்களும் எவ்வளவு பெரியனவாகத் தோன்றியிருக்கும்? அன்று முதல் 15 நிமிடங்கள் யூனியன் ரசிகர்கள் வாய் திறக்கவில்லை. துக்கத்தால் அன்று, எதிரணியின் அமைப்பு முறைக்கு எதிர்ப்பாக.

லைப்சிக் கழகத்தைப் பற்றிக் கூறாமல் இவ்வழக்கு முழுமை பெறாது. 2009இல், ஒரு பானத் தொழில் நிறுவனம் சிறியதொரு கழகத்தின் ஆட்ட உரிமையைப் பெற்று அதனைத் தோற்றுவித்தது. சட்டத்தின் எழுத்து அங்குக் காக்கப்பட்டது. சங்கமும் உண்டு, உறுப்பினரும் உண்டு. ஆனால் வாக்குரிமையுள்ள உறுப்பினர் மிகச் சிலரே. எழுத்தைக் காத்துக் கருத்தைக் கைவிடும் இக்கலை நம் நாட்டுச் சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் அந்நியமானதன்று.

2023 டிசம்பரில், புண்டஸ்லீகா அமைப்பின் ஊடக வருவாயில் 8 விழுக்காட்டை இருபதாண்டுகள் வரை முதலீட்டாளர் ஒருவருக்கு அளிக்கக் கழகங்கள் வாக்களித்தன. 36 வாக்குகளில் 24 ஆதரவாக விழுந்தன. தேவையான மூன்றில் இரண்டு பங்கு சரியாக அதுவே, ஒன்றும் மிகுதியில்லை. வாக்கெடுப்போ மறைவானது. ஹனோவர் கழகத்தின் பிரதிநிதி தம் தாய்ச்சங்கத்தின் கட்டளைக்கு மாறாக வாக்களித்தாரோ என்ற ஐயம் எழுந்தது. உறுப்பினரின் சொல்லை ஒரு தனி மனிதர் புறக்கணிக்க முடியுமாயின் பாதியும் ஒன்றும் எதற்கு என்று ரசிகர்கள் கொதித்தனர். நாடெங்கும் அரங்குகளில் டென்னிஸ் பந்துகளும் பொற்காசு வடிவ மிட்டாய்களும் ஆடுகளத்தில் மழையாகப் பொழிந்தன. 2024 பிப்ரவரியில் யூனியனின் அரங்கில் வோல்ஃப்ஸ்பர்க்குடன் நடந்த ஆட்டம் அரை மணி நேரத்திற்கும் மேலாக நின்றுபோயிற்று. அம்மாதம் 21ஆம் நாள், முதலீட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. கல்லெறியவில்லை, தீ வைக்கவில்லை. ஆட்டத்தைக் காண வந்தவர்களே ஆட்டத்தை நிறுத்திவைத்து வென்றனர்.

இவ்வளவும் கூறியபின், மறுபக்கத்தை மறைத்தல் அறமன்று. அவ்வரங்குகளில் பீர் ஆறாக ஓடுகிறது. தடைசெய்யப்பட்ட தீப்பந்தங்கள் எரிகின்றன. எதிரணி ரசிகருடன் கைகலப்பும் நிகழ்கிறது. 2021 செப்டம்பரில், இஸ்ரேலின் மக்காபி ஹைஃபா அணியுடன் பெர்லினில் ஆடியபோது, யூனியன் ரசிகர் சிலர் வந்திருந்த யூத ரசிகரை இனப்பெயர் கூறி இழிவுபடுத்தினர். கழகம் அதனை வன்மையாகக் கண்டித்தது. ஓர் அரசின்மீது நமக்குள்ள மனத்தாங்கல் எதுவாயினும், ஒரு மனிதரை அவர் பிறந்த இனத்தால் பழிப்பது இழிசெயலே. 2024 டிசம்பரில், போகும் அணியின் கோல்காப்பாளர்மீது யூனியன் மாடத்திலிருந்து ஒருவர் சிகரெட் லைட்டரை எறிந்தார். 1-1 எனச் சமநிலையில் முடிந்த ஆட்டம், பின்னர் போகும் அணி 2-0 என வென்றதாகத் தீர்ப்பளிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோரின் உழைப்பில் எழுந்த அரங்கில், ஒருவரின் கை அனைவரின் பெயரையும் கெடுத்தது.

தீமையைக் கண்டால் தடுப்பது கண்டவர்மீது கடமை என்பது நாம் இளமையிலேயே கற்ற பாடம். அதனைச் செய்து காட்டியோரும் அம்மாடங்களிலேயே இருக்கின்றனர். 2020 பிப்ரவரியில், முன்ஸ்டர் நகரில் மூன்றாம் நிலை ஆட்டமொன்றில், எதிரணியின் கறுப்பின ஆட்டக்காரரான குவாட்வோவை நோக்கி ஒருவர் குரங்கைப்போல் ஒலியெழுப்பினார். அருகில் நின்ற முன்ஸ்டர் ரசிகர்களே அவரைச் சுட்டிக்காட்டிக் காவலரிடம் ஒப்படைத்தனர். இனவெறியரே வெளியேறுக என்று மாடம் முழங்கியது. தம் அணிக்காரர் என்று மூடி மறைக்கவில்லை. இரசிகத்தன்மையின் உரைகல் இதுவென்றே கருதுகிறேன். கோல் விழும்போது குதிப்பது யார்க்கும் எளிது.

2022 ஏப்ரல் 6ஆம் நாள் நிகழ்ந்ததும் நம் நினைவில் நிற்கத் தக்கது. ரமளான் மாதம். ஆக்ஸ்பர்க்–மைன்ஸ் ஆட்டத்தின் இரண்டாம் பாதி. கதிரவன் மறைந்ததும், மைன்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர் நியாகாத்தே நோன்பு துறப்பதற்காக நடுவர் யோலன்பெக் ஆட்டத்தைச் சற்று நிறுத்தினார். நியாகாத்தே தண்ணீர் அருந்தி, நடுவரின் கையைக் குலுக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். அந்நிய நாட்டில், மாற்றுச் சமயத்தவர் நடுவே, ஒரு மிடறு நீருக்காக ஓர் ஆட்டம் காத்திருந்தது. ஆட்டத்திற்காகத் தொழுகையைக் காத்திருக்க வைக்கும் நம் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துரைப்பது பெற்றோர் பொறுப்பு.

ஜெர்மனியில் சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு ஏழு அல்லது எட்டு மணிக்கு வருகிறது. நம் மாணவர் அதனைக் காண்பதில் தவறொன்றும் காணேன். ஆயின் அவர்கள் காண்பது பந்தையும் பந்தை உதைப்போரையும் மட்டுமே. கோலுக்குப் பின்னால் நின்று குரலெழுப்பும் மாடத்தின்மீது படக்கருவி சில நொடிகளே நிற்கிறது. கதை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பல்லாயிரம் ரூபாய்க்கு ஒரு நட்சத்திர ஆட்டக்காரரின் சட்டையை வாங்கி அணிவதால், எவரும் அந்த மாடத்தில் நிற்பவராகிவிட மாட்டார். தம் ஊரின் கால்பந்துக் குழுவிற்கு வலை வாங்கச் சந்தா கொடுத்து, மழைநாளில் மைதானத்து நீரை வெளியேற்றி, ஆண்டுக் கூட்டத்தில் கணக்குக் கேட்பவரே அவர்க்கு உறவு.

‘ஐம்பதும் ஒன்றும்’ என்னும் விதியின் வழக்கு இன்னும் ஓயவில்லை. 2025 ஜூன் மாதத்தில் அந்நாட்டின் போட்டிச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் தன் கருத்தை வெளியிட்டது. விதியில் அடிப்படைக் குறை இல்லை. ஆனால் எல்லாக் கழகங்களுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும், லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் போன்றவற்றுக்கான சலுகை தொடரலாகாது, எந்தக் கழகமாயினும் வாக்குரிமையுள்ள உறுப்பினராகும் வாய்ப்பு ரசிகர்க்குத் திறந்திருக்க வேண்டும் என்றது. சிறு கூட்டத்தின் கையில் வாக்கைப் பூட்டி வைத்திருப்போர்க்கு அது உவப்பான செய்தியன்று. கோபெனிக்கில் கல் சுமந்தவர்கள் 2019இல் 15 நிமிடம் மௌனமாக நின்று கேட்டதும் இதையேதான்.