செத்த காலேஜா, உயிர் காலேஜா?



சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அந்தக் காலத்துச் சென்னைவாசிகள் வைத்த பெயர் தெரியுமா? 'செத்த காலேஜ்'! பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் அங்கே இருந்ததால் அந்தப் பெயர். மிருகக்காட்சி சாலையோ 'உயிர் காலேஜ்'!

அது செத்த காலேஜா, உயிர் காலேஜா என்பது பார்க்கப் போகும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

பள்ளிச் சுற்றுலாக்களில் என்ன நடக்கிறது? காலையில் மியூசியம், மாலையில் மெரினா. முன்னால் போகிறவன் தோளைப் பிடித்தபடி வரிசையாக ஓட்டம். திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்து ஒரு 'அடேயப்பா!' வெளியே வந்தால் ஐஸ்கிரீம் மட்டுமே நினைவில் நிற்கும். 1851-ஆம் ஆண்டு முதல் சேர்த்து வைத்ததை ஒரு மணி நேரத்தில் பார்த்து முடிக்க முடியுமா?

ஆகவே, ஒரு நாளைக்கு மூன்றே பொருள்கள் போதும் என்பேன். ஒவ்வொன்றின் முன்பும் பத்து நிமிடம் நில்லுங்கள். நோட்டில் வரையுங்கள். கேள்வி கேளுங்கள்.

செப்புத் திருமேனிகள் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். எந்தக் காலை ஊன்றியிருக்கிறார்? காலடியில் கிடப்பது யார்? இத்தகைய சிலைகளை முதலில் மெழுகில் செய்வார்கள். அதன்மேல் களிமண் பூசிச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகக் குழம்பை ஊற்றி, ஆறியதும் மண் அச்சை உடைப்பார்கள். அச்சே உடைந்துவிடுவதால், அதிலிருந்து இன்னொரு சிலை வார்க்க முடியாது. அதனால்தான் 'தொடாதே' என்று எழுதி வைக்கிறார்கள். நம் வியர்வையில் உள்ள உப்பு உலோகத்தை அரிக்கும்.

அடுத்து, கற்காலக் கருவிகள். 1863-இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இன்று மின்சார ரயில் நிற்கும் அதே பல்லாவரம்தான்! அந்த மண்ணில் கற்கால மனிதன் நடந்திருக்கிறான்.

மூன்றாவது பொருளை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

"இவ்வளவு செலவு செய்து வந்து மூன்றே பொருளா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். முந்நூறு பார்த்து மறப்பதைவிட, மூன்று பார்த்து மனத்தில் நிறுத்துவது லாபம் அல்லவா? ஆசிரியர்களும் பெற்றோரும் சற்றே யோசிக்க வேண்டும்.

விடை தெரியாத கேள்வி மிஞ்சினால் இன்னும் நல்லது. பக்கத்திலேயே 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அங்கே வந்து சேர வேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். கேள்வி இங்கே, விடை அங்கே!

சென்னைக்கு வர முடியாதவர்கள் வருந்த வேண்டாம். புதுக்கோட்டை, திருநெல்வேலி போன்ற ஊர்களிலும் அரசு அருங்காட்சியகங்கள் உண்டு. 2023 முதல் கீழடியிலும் இருக்கிறது.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் போங்கள். நோட்டும் பென்சிலும் மறக்காதீர்கள். பார்த்த மூன்றையும் அன்றிரவு பாட்டிக்குச் சொல்லுங்கள். பாட்டி திருப்பிக் கேள்வி கேட்டால், நீங்கள் போய் வந்தது உயிர் காலேஜ்தான்!