அறை கிடைக்காத ஊர் கல்லூரி நகரம் ஆகுமா?

காலை எட்டு மணிக்கு வடசேரி பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். தோவாளை, பூதப்பாண்டி, தக்கலை, குலசேகரம் என்று நாலா பக்கமிருந்தும் வரும் பேருந்துகளிலிருந்து தோளில் பையோடு பிள்ளைகள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். மாலை நாலரைக்கு அதே பிள்ளைகள் அதே பேருந்துகளில் தொங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அவர்கள் போன பிறகு நகரத்தின் கடைத்தெருக்களைப் பாருங்கள், பாதி உயிர் போயிருக்கும்.

நாகர்கோவிலின் பழைய வரும்படி குறைந்துவிட்டது. கிரேக்கப் புவியியலாளர் தாலமி காலத்திலேயே பெயர்பெற்ற வணிக ஊர் கோட்டாறு. கோட்டாற்றிலும் வடசேரியிலும் தறிச் சத்தம் கேட்காத தெரு இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று தறிகள் அருகிவிட்டன. நகரத்தைச் சுற்றியிருந்த நாஞ்சில் வயல்கள் பிளாட்டுகளாகிவிட்டன. எஞ்சிய வயலிலும் அறுவடை இயந்திரம் இறங்கியதால், நடவையும் அறுப்பையும் நம்பியிருந்த நம் குடும்பங்களுக்கு வேலை நாட்கள் சுருங்கிவிட்டன. இனி இந்த ஊருக்கு எது சோறு போடும் என்று கேட்டால், படித்தவர்கள் பலரும் சொல்லும் பதில் கல்லூரிகள் என்பதுதான். நகர மையத்தை மாணவர்களுக்கான இடமாக மாற்றினால் கடையும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும் என்கிறார்கள். நாமும் அதை ஏற்கிறோம். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அந்த நகரத்தில் நம் பிள்ளைகளுக்குத் தங்க இடம் உண்டா?

ஒரு ஜூன் மாதம், தோவாளைப் பக்கத்து கிராமத்திலிருந்து முதுகலைக்கு இடம் கிடைத்து வந்த ஒரு பிள்ளைக்காக நாங்கள் அறை தேடி அலைந்தோம். அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். முதல் வீட்டில் வாடகை பேசி முடிந்து, முன்பணமும் எடுத்து நீட்டியாகிவிட்டது. அப்போதுதான் வீட்டுக்கார அம்மா அன்பாகக் கேட்டார்: “ஊரு எது மக்கா? ஊர்ல எந்தப் பக்கம்?” பிள்ளை ஒளிக்காமல் சொன்னாள். “அவுங்க வந்ததும் கேட்டுட்டுச் சொல்லுதேன்” என்றார் அம்மா. சொல்லவே இல்லை. அடுத்த மூன்று வீடுகளிலும் கேள்வி மட்டும் மாறியது. ஒரு வீட்டில் எந்தச் சபை என்றார்கள், இன்னொரு வீட்டில் அப்பா பெயர் கேட்டார்கள். முடிவு ஒன்றுதான். அந்தப் பிள்ளை இரண்டு ஆண்டும் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பேருந்தில் போய் வந்து படித்தாள். மாலை நேர நூலகம், கருத்தரங்கு, போட்டித் தேர்வுப் பயிற்சி எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. கடைசிப் பேருந்து யாருக்காகவும் காத்திருக்காது.

இந்த ஊரின் கல்வி வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது கூடுதலாக வலிக்கும். மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர் மகாராசன் வேதமாணிக்கம். அவர் அழைத்ததால்தான் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே தொடங்கிய பள்ளி பின்னர் மீட் ஐயர் காலத்தில் நாகர்கோவிலுக்கு வந்தது. அதுதான் 1893இல் கல்லூரியாகி, இன்று ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக நிற்கிறது. ஒரு ஒடுக்கப்பட்ட மனிதரின் அழைப்பில் முளைத்த மரம் இது. அதன் நிழலில் அவருடைய பேத்திகளுக்கு ஒரு அறை கிடைக்கவில்லை.

சுசீந்திரம் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் இந்த மண்ணில் சத்தியாகிரகம் தொடங்கியது. கோட்டாற்று டாக்டர் எம்.இ. நாயுடு அதில் முன்னின்றார். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அதற்கும் முன்பே, பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று திருவிதாங்கூர் புலையர்களைத் திரட்டினார் அய்யன்காளி. தெரு திறந்தது, கோயில் திறந்தது, பள்ளி திறந்தது. வாடகை வீட்டின் கதவு மட்டும் இன்னும் ஒருக்களித்தே நிற்கிறது.

கல்லூரியால் ஒரு நகரம் பிழைக்கும் என்பது வெறும் கனவல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளின் நகரம். 1980களில் ஆலைகள் அடுத்தடுத்து மூடியபோது, பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும்தான் அதைத் தாங்கின. அதே மாநிலத்தின் பிலடெல்பியா வேறொரு பாடம் சொல்கிறது. 1960களில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதியை மேம்படுத்துகிறோம் என்று சொல்லி, ‘பிளாக் பாட்டம்’ என்று அழைக்கப்பட்ட கறுப்பின மக்களின் குடியிருப்பை இடித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள். நகரம் உயிர்த்தது உண்மை. யாருக்காக உயிர்த்தது என்பதை அந்த மக்களிடம்தான் கேட்க வேண்டும்.

நாகர்கோவிலுக்கு இந்த இரண்டும் பாடமாகட்டும். மாணவர் தங்கினால்தான் கல்லூரி நகரம். தங்குகிறவர்தான் இரவு எட்டு மணிக்கு இட்லி சாப்பிடுவார், ஜெராக்ஸ் எடுப்பார், செருப்பு தைக்கக் கொடுப்பார், ஞாயிற்றுக்கிழமை புத்தகக் கடைக்குப் போவார். சாதி கேட்டு அறையை மறுக்கிறவர் தன் வாடகையை மட்டுமல்ல, பக்கத்துக் கடைக்காரரின் வரும்படியையும் சேர்த்து விரட்டுகிறார். வணிகர்கள் இதை உணர வேண்டும்.

மாநகராட்சி, மாவட்ட நிர்வாகம், ஆதிதிராவிடர் நலத்துறை ஆகியவற்றிடம் நாம் கேட்பது இவை. ஆதிதிராவிடர் மாணவர் விடுதிகள், குறிப்பாகப் பெண்களுக்கானவை, நகர மையத்தில் பேருந்து நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வேண்டும். வாசிப்பறையும் இணையமும் இல்லாத விடுதி வெறும் படுக்கைக் கூடம். மையத்தில் காலியாகக் கிடக்கும் பொதுக் கட்டடங்களின் மாடிகளை, எல்லாச் சாதி மாணவரும் கலந்து தங்கும் வாடகை அறைகளாக மாநகராட்சியே நடத்தலாம். மாலை நூலகம் முடியும் நேரத்துக்கு கிராமப் பேருந்துகளின் கடைசி நடையை மாற்ற வேண்டும். நகரத்தைத் தினமும் கூட்டிப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்களின் குடியிருப்புகளில் அழகுபடுத்தல் என்ற பெயரில் கை வைக்கக் கூடாது. அந்த வீடுகளின் பிள்ளைகள் இந்தக் கல்லூரிகளில் படிக்கும் நாள்தான் நகரம் அழகாகும் நாள்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான கல்வி உதவித்தொகை உங்கள் உரிமை. கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கும் தமிழ்நாடு அரசு இதை வழங்குகிறது. தெரியாததால் விட்டுவிடாதீர்கள். கட்டணத்தைக் காட்டி யாராவது தேர்வு எழுத விடாமல் தடுத்தால் எழுத்து மூலம் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு உரிமையாளர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சின்னது. அடுத்த முறை ஒரு பிள்ளை பையோடு வாசலில் வந்து நின்றால், ஊர் எது என்று தாராளமாகக் கேளுங்கள். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள்.